நம் தொடக்கப் பள்ளியும் பசுமைப் பணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பள்ளிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் பேசத் தகுந்த பட்டதாரிகள் பலர் நம் சங்கத்தில் உளர். பள்ளிக் குழுவில் இருக்கும் நாங்களோ பெரும்பாலும் ரயில்வே எழுத்தர்கள்; பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பேரேட்டோடு வாழ்நாளைக் கழிப்பவர்கள். ஆகவே எங்களிடம் சொல்நயத்தை எதிர்பார்க்க வேண்டா. எங்களுக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றே. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று சொல்வோம். குறைவு ஏற்பட்டிருப்பின் அதனையும் மறையாது சொல்வோம். இன்று சொல்ல வந்திருப்பதும் ஒரு குறைவுக் கணக்கே.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, ஜூலைத் திங்களில், நம் தொடக்கப் பள்ளியின் வளாகத்தில் மரம் நடு விழா நடத்தினோம் என்பது அனைவர்க்கும் நினைவிருக்கும். ஐம்பது கன்றுகள் நட்டோம். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி வைத்தோம், கன்று ஒன்றுக்கு ஒருவராக ஐம்பது பேர் மண் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டோம். அப்படங்கள் சென்ற ஆண்டு மலரில் இரண்டு பக்கம் நிறைய வெளிவந்தன. பள்ளியின் முன்னேற்றக் குறிக்கோள்களுள் முதலாவதான பசுமை நிறைவேறிவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதியவர்களும் நாங்களே.

கழிந்த ஜூன் இறுதியில், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளன்று, கன்றுகளை எண்ணிப் பார்த்தோம். உயிரோடு இருந்தவை ஏழு. எஞ்சிய நாற்பத்து மூன்றும் சுள்ளிகளாக நின்றன. நட்டவர் பெயர் எழுதிய தகரப் பலகைகள் மட்டும் ஒன்றும் பழுதுபடாமல் இருந்தன.

எவ்வாறு நேர்ந்தது இது? நம்மில் எவரும் வேண்டுமென்று செய்ததன்று. நம் வாழ்க்கை முறையே இதற்குக் காரணம். நாகபுரியின் வெயிலை நாம் அறிவோம். மே மாதத்தில் 45 பாகையைத் தொடும் நாள்கள் இங்கே புதியன அல்ல. மகாராட்டிரத்தின் பிற பகுதிகளில் ஜூன் நடுவில் பள்ளி திறக்க, விதர்ப்பப் பகுதியில் மட்டும் அதனைப் பின்னரே திறப்பதும் இவ்வெப்பம் கருதியே. கன்றுகளுக்கு நீர் மிகுதியும் வேண்டியிருப்பது அந்த எட்டு வாரங்களில். அந்த எட்டு வாரங்களில் நாம் எங்கே இருக்கிறோம்? பரீட்சை முடிந்த மறுநாளே 'பாஸ்' எழுதி வாங்கிக்கொண்டு, கிராண்ட் ட்ரங்க் வண்டியில் ஏறி, நம் ஊர் என்று நாம் சொல்லும் ஊருக்குப் போய்விடுகிறோம். அங்கே மாமரத்து நிழலில் கட்டில் போட்டுப் படுத்து, நாகபுரியில் நிழலே இல்லை என்று உறவினரிடம் குறை சொல்கிறோம்!

ஏழு கன்றுகள் மட்டும் எங்ஙனம் பிழைத்தன என்று விசாரித்தோம். அவை ஏழும் பள்ளிக்குப் பின்புறம், சமையற்கட்டின் ஓரமாக ஒரே வரிசையில் நிற்பவை. பள்ளியைக் கூட்டித் துப்புரவு செய்யும் அம்மையார் அங்கேதான் குடியிருக்கிறார். மராத்தியர், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். பிள்ளைகள் அவரை 'மாவ்ஷி' என்று அழைப்பர். நம் மொழியில் சின்னம்மா என்று பொருள். அவர் நாள்தோறும் அரிசி களைந்த நீரையும் பாத்திரம் அலம்பிய நீரையும் வீணாக்காமல் அக்கன்றுகளின் அடியில் ஊற்றி வந்திருக்கிறார். அவரிடம் எவரும் கேட்டுக்கொள்ளவில்லை. விழாவன்று அவருக்கு மேடையில் இடமும் இல்லை. மலரில் படமும் இல்லை. "யார் ஊற்றச் சொன்னார்கள்?" என்று கேட்டதற்கு, "காய்ந்து போகிறதே!" என்பதே அவர் விடை.

அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார் என்று நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். நட்டவர் அசோகர், நீர் வார்த்தவர் யார் என்று எந்தத் தேர்விலும் எவரும் நம்மைக் கேட்டதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வள்ளன்மையை நாம் மேடைதோறும் போற்றுகின்றோம். தேர் கொடுப்பது ஒரு நாள் வேலை. வேம்புக்கு ஒரு குடம் நீர் நாள் தவறாது கொடுப்பது அதனினும் கடினம் என்பதை அந்த ஏழு கன்றுகள் எங்களுக்குக் கற்பித்தன.

அன்பர்களே! மரத்தின் கதை இதுவென்றால், படிப்பின் கதை வேறாக இல்லை. அதே வாரத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, சென்ற ஆண்டுப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னோம். ஏப்ரலில் தட்டுத் தடுமாறியேனும் படித்த பிள்ளைகளுள் பாதிப் பேர், ஜூனில் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தனர். எட்டு வாரம் புத்தகத்தைத் திறவாத குழந்தைக்கும், எட்டு வாரம் நீர் காணாத கன்றுக்கும் என்ன வேற்றுமை? தடையின்றிப் படித்தவர்கள் எவர் என்று பார்த்தால், வீட்டில் பாட்டியோ அண்ணனோ அன்றாடம் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கேட்ட பிள்ளைகளாகவே இருந்தனர்.

எனவே பள்ளியின் முன்னேற்றம் வேறு, பசுமை வேறு என்று இரண்டு தலைப்பாக எண்ணுவதை நாங்கள் கைவிட்டோம். இரண்டுக்கும் நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. தொடங்குவதில் நாம் சமர்த்தர்கள், தொடர்வதில் தவறிவிடுகிறோம்.

நாட்டின் சட்டங்களும் திட்டங்களும் இதனை அறியாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அக்குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றும் வகுத்தது. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பும் அச்சட்டத்தில் சொல்லப்பட்டுள்ளது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கத்தின் குறிக்கோள். சுற்றுச்சூழலைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே பணித்துவிட்டது. தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்னும் ஆறு தலைப்புகளில் மாணவர்களே தம் பள்ளியைத் தணிக்கை செய்யும் முறையைப் பல்லாண்டாக நடத்தி வருகின்றது. தணிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு நடுக்கம் உண்டாயிற்று. ஆயினும் முறை மிக நல்ல முறை.

அம்முறையை ஒட்டி நம் பிள்ளைகள் ஜூலையில் ஒரு கணக்கெடுத்தார்கள். ஒழுகும் குழாய் ஒன்றின் அடியில் பத்து லிட்டர் வாளியை வைத்து, பள்ளி விடும் நேரத்தில் பார்த்தபோது வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மாற்ற நாம் இரண்டு கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவ்வாளியை எடுத்துக்கொண்டு எங்களிடமே வந்து நின்றாள். மறுநாள் குழாய் மாறியது.

இனி, நாங்கள் வகுத்துள்ள குறிக்கோள்களைச் சுருக்கமாகக் கூறுகின்றோம். இவை மூன்றே.

முதலாவது, வரும் மார்ச்சு முடிவதற்குள் மூன்றாம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பிறர் உதவியின்றிப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். "பெரும்பாலான பிள்ளைகள்" என்று எழுதாமல் "ஒவ்வொரு பிள்ளையும்" என்று எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது, வகுப்பறையின் வெப்பம் தணிய வேண்டும். நம் பள்ளிக்குத் தகரக் கூரை. ஏப்ரலில் பதினொரு மணிக்கு மேல் அதன் கீழ் உட்கார்ந்து பாடம் கேட்பது பெரியவர்களுக்கே இயலாது. ஆமதாபாத் நகரம் 2010-இல் கடும் வெப்ப அலைக்கு ஆளாகி, 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது; கூரைகளுக்கு வெண்பூச்சு அடிக்கும் வழக்கம் பின்னர் அங்கே பரவலாயிற்று. வெள்ளை நிறம் கதிரவனின் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கூரை அவ்வளவாகக் காய்வதில்லை. நம் பள்ளிக் கூரைக்கும் மார்ச்சு மாதத்திலேயே வெண்பூச்சு அடிக்க எண்ணியுள்ளோம்.

மூன்றாவது, மரம். இம்முறை ஐம்பது கன்றுகள் நட மாட்டோம். பிழைத்த ஏழோடு முப்பத்து மூன்று சேர்த்து நாற்பதோடு நிற்போம். வேம்பும் புங்கும் போதும். இங்குள்ள மண் கரிசல். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதன் குணத்தை நன்கு அறிவார்கள்: மழையில் உப்பும், கோடையில் பிளக்கும், பிளக்கும்போது இளவேரை அறுக்கும், பிளவு வழியே அடியிலுள்ள ஈரமும் போய்விடும். ஆதலின் குழியில் மணலும் எருவும் கலந்து நிரப்பி, மேலே சருகு மூடி வைக்க வேண்டும். இதுவரை நாம் தீயிட்டு வந்த சருகுக்கு இனி அதுவே வேலை.

நீருக்கு என்ன செய்வது? மழையின் சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்தார் வள்ளுவர். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாம் விடுமுறைக்குப் போய் அதனைப் பார்த்து வியந்தோம். இங்கே செய்ய மறந்தோம். 2023 செப்டம்பர் 23 அன்று இந்நகரில் ஓர் இரவு மழையில் நாக நதி கரை புரண்டு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் கண்டோம். அதே நகரில்தான் மே மாதத்தில் குடத்தோடு நிற்கிறோம்.

எங்கள் கணக்கைக் கேளுங்கள். பள்ளிக் கூரையின் பரப்பு 160 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சதுர மீட்டர் ஒன்றில் ஒரு லிட்டர் நீர் விழும். 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,400 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயிற்று என்று தள்ளினாலும் ஐயாயிரத்துக்குமேல் நிற்கும். அதாவது, ஒரே ஒரு நல்ல மழை 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்றை நிரப்பிவிடும். செப்டம்பர் மழையில் நிரப்பி மூடிவைத்த நீர் மே வரை காத்திருக்கும். மிகுந்த மழைநீரை, சுவரின் கடைக்காலுக்கு எட்டத்தில் குழி வெட்டி நிலத்தில் இறக்க வேண்டும். கரிசல் உப்பினால் சுவர் வெடிக்கும் என்பதால் இந்த எச்சரிக்கை.

கன்றுக்கு நீர் விடும் முறையும் நம் முன்னோர் அறிந்ததே. மெருகிடாத மண்பானை ஒன்றைக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும், வெயில் குடித்துவிடாது. எட்டு லிட்டர்ப் பானை நாற்பதுக்கும் ஒரு முறை நிரப்ப 320 லிட்டர். நான்கு நாளுக்கு ஒரு முறை என்றால், எட்டு வாரத்தில் பதினான்கு முறை. மொத்தம் 4,480 லிட்டர். தொட்டி நீர் போதும். ஐந்நூறு லிட்டர் மிச்சம்.

நீர்க் கணக்கு நேராகிவிட்டது. நேராகாமல் நிற்பது ஆள் கணக்கு ஒன்றே. அதற்காகவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

பதினான்கு முறை, முறைக்கு இரண்டு குடும்பம். ஆக இருபத்தெட்டுக் குடும்பங்கள் வேண்டும். குறித்த நாள் காலை ஆறு மணிக்கு வந்து, வெயில் ஏறுமுன் பானைகளை நிரப்ப வேண்டும். பிறகு ஒரு மணி நேரம், அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் உட்கார்த்தி, ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கற்பிக்கத் தெரியவில்லையே என்று அஞ்ச வேண்டா. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும் என்பதை அந்தப் பாட்டிமார் மெய்ப்பித்துள்ளனர்.

நம் அலுவலகங்களில் வேலை முறை மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் ரொக்கத்தையும் இருப்பையும் எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்காமல் இடத்தை விட்டு நகர மாட்டார். பள்ளியிலும் அத்தகைய பொறுப்பேடு ஒன்று திறந்துவிட்டோம். "கன்று நாற்பது, பானை நாற்பது, படித்த பிள்ளைகள் இத்தனை பேர்" என்று எழுதி, போகிறவரும் வருகிறவரும் கையொப்பம் இட வேண்டும். ஊருக்குப் போக வேண்டா என்று எவரையும் நாங்கள் தடுக்கவில்லை. தாய் தந்தையரைக் காணச் செல்வது கடமை. எல்லோரும் ஒரே வாரத்தில் போகாமல் மாற்றி மாற்றிப் போங்கள் என்றே வேண்டுகிறோம்.

இங்கே ஓர் ஐயத்தையும் மறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும். சென்ற பொதுக்குழுவில் சிலர் எழுந்து, "இன்று பள்ளியில் உள்ள 118 பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகள் 34 பேரே. ஏனையோர் மராத்தியரும் இந்தியரும் தெலுங்கரும். நம் பிள்ளைகள் பெரிய பள்ளிகளுக்குப் போய்விட்டனர். இந்த இடத்தைத் திருமண மண்டபம் ஆக்கினால் சங்கத்துக்கு வாடகையேனும் வரும்" என்றனர். அவர்கள் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. வாடகை வரும் என்பது மெய்யே. முடிவு அடுத்த பொதுக்குழுவில் எடுக்கப்படும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடைபெற்றன. அரசு தரட்டும் என்று காத்திராமல், ஊரார் தம் கையால் இயன்றதைக் கொண்டுவந்து தம் ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தனர். நம்முள் பலருடைய பெற்றோர் படித்தது அத்தகைய பள்ளிகளிலேதான். கொடுத்தவர் எல்லோருக்கும் அப்பள்ளியில் பிள்ளை இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. பள்ளி ஊருடையது, ஊர் நம்முடையது, அவ்வளவே அவர்கள் அறிந்தது.

நமக்கு ஊர் எது? முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு இந்நகரின் நீரைக் குடித்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே பெற்றோரை எரியூட்டியும், "நம் ஊர்" என்று சொல்லும்போது தெற்கே கை காட்டுகிறோம். அதில் தவறில்லை. ஆயினும் அரிசி களைந்த நீரை நம் சங்கத்தின் கன்றுக்கு ஊற்றிய அந்த மராத்திச் சின்னம்மா, இக்கன்று எந்த மொழிக்காரருடையது என்று பார்த்தாரா? அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனை அடைக்க ஒரே வழி, 118 பிள்ளைகளையும் ஒரே ஏட்டில் நம் பிள்ளைகளாக எழுதிக்கொள்வதே.

எங்களுள் சிலர்க்கு நாளையே மாற்றல் உத்தரவு வரலாம். இக்கன்றுகள் நிழல் தரும் காலத்தில் நாங்கள் பிலாஸ்பூரிலோ புசாவலிலோ இருப்போம். அல்லது ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருப்போம். ஆனால் வேம்புக்கு மாற்றல் உத்தரவு கிடையாது. ஒருமுறை படிக்கக் கற்றுவிட்ட பிள்ளையிடமிருந்து அப்படிப்பைத் திரும்பப் பெறவும் எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் இல்லை.

பொறுப்பேடு வாயிலண்டை மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. முதற்பெயராக அந்த அம்மையாரின் பெயரை அவர் இசைவோடு எழுதியிருக்கிறோம். அடுத்த ஒன்பது வரிகளில் பள்ளிக் குழுவினரின் குடும்பங்கள். எஞ்சியவை பதினெட்டு வரிகள். அவை வெறுமையாகவே உள்ளன. விருந்துக்குச் செல்லுமுன் அம்மேசையருகே ஒரு நிமிடம் நிற்குமாறு வேண்டுகிறோம். இம்முறை படம் எடுக்க ஆள் வைக்கவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்!

வரும் ஜூன் இறுதியில் மீண்டும் எண்ணுவோம். எண்ணிய தொகை எதுவாயினும், அடுத்த ஆண்டு மலரில் உள்ளது உள்ளபடி வெளியிடுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!